கல்சுவரில் முட்டும் அலை

கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நான் உட்கார்ந்து பார்ப்பதால் வேகமாக ஓடப்போவதில்லை, எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தால் நின்றுவிடப்போவதும் இல்லை. பர்வீன் அதைத்தான் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள், பக்கத்து மேஜைக்காரி, என்னோடு ஒரே வருஷம் ஆய்வுக்குச் சேர்ந்தவள், ரன் போட்ட பிறகு அது கம்ப்யூட்டர் பாடு, உன் பாடு முடிந்தது என்பாள். எங்கே முடிந்தது. திரையில் எண்கள் வரிவரியாக மேலே போய் மறைகின்றன, ஒவ்வொரு வரியிலும் கடைசியாக நிற்கும் எண்ணை மட்டும்தான் கண் தேடுகிறது, மொத்த இடத்திலும் எங்கே அழுத்தம் மிகக் குறைவோ அங்கே உள்ள அழுத்தம் அது, பூஜ்யத்துக்குக் கீழே போனால் கதை முடிந்தது, காற்றுக்கு அப்படி ஓர் அழுத்தமே கிடையாது, கணக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். இப்போதைக்குப் போகவில்லை. சாப்பாட்டு டப்பாவை இன்னும் திறக்கவில்லை, ஹாஸ்டலில் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம், ஏசி அறையில் சாப்பிடக்கூடாது என்று கதவில் ஒட்டியிருக்கிறது, ஒட்டியவளே நான்தான். பசிக்கிறதா என்று கேட்டால் வயிறு இல்லை என்கிறது, பொய் சொல்கிறது. சாயங்காலத்துக்குள் தேவசகாயம் சாரிடம் ஒரு பதில் சொல்லியாக வேண்டும், அவர் என் வழிகாட்டி. அவர் அதை முதலாளி அண்ணாச்சியிடம் சொல்லியாக வேண்டும். அண்ணாச்சி நாளைக் காலையில் கொத்தனாரிடம் சொல்லியாக வேண்டும், அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியாகிவிட்டது, கல் வந்து இறங்கியாகிவிட்டது.

கேள்வி ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. சிவகாசிக்குக் கிழக்கே ஒரு பட்டாசு ஆபீஸ், எங்கள் பக்கத்தில் ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம், அதன் முதலாளி தங்கமாரியப்பன் அண்ணாச்சி புதிதாக ஒரு மருந்து கலக்கும் அறை கட்டப்போகிறார், கொஞ்சம் தள்ளிப் பெண்கள் உட்கார்ந்து பெட்டி போடும் பேக்கிங் ஷெட், இரண்டுக்கும் நடுவே மண்மேடு. விட வேண்டிய தூரம் விட்டிருக்கிறார், மேட்டின் உயரமும் சரி. ஆனால் ஷெட்டுக்குப் பின்னால், அவர் அந்த இடத்தை வாங்குவதற்கு முன்பிருந்தே, கனமான கல்சுவர் ஒன்று நீளமாக நிற்கிறது. கலவை அறையில் ஏதாவது ஆகிவிட்டால் அந்த வேகம் மேட்டைத் தாண்டிப் போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வராதா என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. தோன்றியதோடு விடாமல் கல்லூரிக்கு வந்து சாரைப் பார்த்தார். சார் என்னைக் கூப்பிட்டு, மாரீஸ்வரி, உங்க ஊர்ப் பக்கம்தானே என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் மட்டுமில்லை சார், எங்கள் அம்மா அந்த ஆபீஸில்தான் பெட்டி போடுகிறாள், புது ஷெட் வந்தால் அதில்தான் உட்காருவாள் என்று அப்போதே சொன்னேன். அவர் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார். அப்படியென்றால் கவனமாகச் செய்வாய் என்றார். கவனம் என்ற சொல்லை அவர் சொன்ன விதம். பாராட்டா, எச்சரிக்கையா, இன்றுவரை பிடிபடவில்லை.

அம்மாவுக்கு வலது காது கேட்காது. அது வேறொரு ஆபீஸில், நான் பத்தாவது படித்தபோது, பேப்பரில்கூட வராத சின்ன விபத்து, பக்கத்து அறையில் எதுவோ பற்றிக்கொண்டது, யாரும் சாகவில்லை, கூரைத் தகரம் பறந்தது, அவ்வளவுதான் என்று எல்லாரும் சொன்னார்கள், அவ்வளவில் அம்மாவின் காதுச் சவ்வும் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் பள்ளிக்கூட யூனிஃபார்மோடு போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், கழுத்தோரம் ரத்தம் காய்ந்திருந்தது, ஒரு கால் செருப்பு அங்கேயே கிடக்கு, யாரையாச்சும் எடுத்து வைக்கச் சொல்லு என்றாள், மிகச் சத்தமாகச் சொன்னாள், வார்டே திரும்பிப் பார்த்தது, தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு வந்தது அழுகையில்லை, ஒரு சந்தேகம். அவளைத் தீ தொடவில்லை, கல் விழவில்லை, எதுவும் தொடாமல் காதுக்குள் போய்க் கிழித்தது எது. பல வருஷம் கழித்துக் கல்லூரியில் சார் கரும்பலகையில் செங்குத்தாக ஒரே ஒரு கோடு போட்டார், இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் சாதாரணக் காற்று, அந்தப் பக்கம் நெருக்கப்பட்ட காற்று, நடுவில் தூரமே கிடையாது, இதுதான் அதிர்ச்சி அலை என்றார். என் கை தானாக வலது காதுக்குப் போனது. வகுப்பில் யாரும் பார்க்கவில்லை. இப்போதும் போகிறது. ஏன் இந்த வேலைக்கு வந்தாய் என்று நேர்காணலில் கேட்டபோது ஏரோஸ்பேஸ் துறையில் ஆர்வம் என்றுதான் சொன்னேன், எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

அந்தக் கோடுதான் தொல்லை. கம்ப்யூட்டருக்குக் கோடு தெரியாது, கட்டங்கள்தான் தெரியும், காற்று நிற்கும் இடத்தைச் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தம் என்ன, அடர்த்தி என்ன, வேகம் என்ன, அடுத்த நொடித்துளியில் பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு போகும் என்று கணக்கிட்டுக்கொண்டே போக வேண்டும். அதைக் கணக்கிடும் முறைகள்தான் பல. நான் எடுத்துக்கொண்டது மூன்று. முதலாவது பழையது, நிதானமானது, எதைக் கொடுத்தாலும் உடையாது, ஆனால் செங்குத்தான கோட்டைச் சரிவாக்கிவிடும், மலையுச்சியை வழித்துப் பள்ளத்தில் போட்டுவிடும். இரண்டாவது கூர்மையானது, கோட்டைக் கோடாகவே வைத்திருக்கும், ஆனால் கோட்டின் முன்னும் பின்னும் இல்லாத அலைகளைக் கிளப்பும், இல்லாத உச்சம், இல்லாத பள்ளம், சில சமயம் பூஜ்யத்துக்குக் கீழே இழுத்துக்கொண்டு போய்க் கணக்கையே கொன்றுவிடும். மூன்றாவது ஒவ்வொரு கட்டத்திலும் அக்கம்பக்கம் பார்க்கும், சமமாக இருக்கும் இடத்தில் கூர்மையாக நடந்துகொள்ளும், திடீரென்று செங்குத்து வந்தால் தன்னை அடக்கிக்கொள்ளும். முதல் முறையில் போட்டபோது ஷெட்டின் பின்சுவரில் வந்த அழுத்தம் சுவர் தாங்கும் எல்லைக்குக் கீழே இருந்தது. கல்சுவரில் முட்டித் திரும்பிய அலை அதில் ஒரு வீக்கம்போலத்தான் தெரிந்தது. இரண்டாவதில் போட்டபோது எல்லையை எங்கோ தாண்டிப் போய், அலை சுவரில் முட்டிய கொஞ்ச நேரத்தில் செத்தும் போனது. அம்மா முதுகை அந்தப் பின்சுவரில் சாய்த்துக்கொண்டுதான் உட்காருவாள். இடுப்பு வலி, சாயாமல் உட்கார முடியாது.

சார் சொன்னது. அதைத் தள்ளிவிட்டு வேறு எதையாவது நினைக்கலாம் என்றால் முடியவில்லை, திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்கிறது. போன வாரம் இரண்டு முறையிலும் வந்த படங்களை அவர் மேஜையில் வைத்தேன். முதலாவதை எடுத்துக்கொண்டார். இது நிலையான முறை, எல்லாரும் காலங்காலமாகப் பயன்படுத்துவது, இரண்டாவது பாதியில் செத்துவிட்டது, செத்ததை யாரிடம் காட்ட முடியும், முதலாவதை அனுப்பிவிடலாம் என்றார். மூன்றாவது முறையிலும் போட்டுப் பார்க்கிறேன் சார் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கோபம் இல்லாமல்தான் கேட்டார்.

“உனக்கு வேணும்கிற விடை வர்ற வரைக்கும் முறையை மாத்திக்கிட்டே இருப்பியாம்மா?”

எனக்கு வேண்டிய விடை எது சார். அப்போது வாயில் வரவில்லை, இப்போது வருகிறது, நடந்துபோகும்போது வருகிறது, குளிக்கும்போது வருகிறது. எண் பெரிதாக வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேனா, ஷெட்டைத் தள்ளிக் கட்டுவார்கள், அம்மா பிழைப்பாள் என்று. ஆசைப்படுகிறேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. அப்படியென்றால் அவர் கேட்டது சரி. எண் சிறிதாக வர வேண்டும் என்றும்தான் ஆசைப்படுகிறேன், அந்த இடமே பத்திரமானது, அந்தச் சுவரால் ஒன்றும் ஆகாது, அம்மா நிம்மதியாகச் சாய்ந்துகொள்ளலாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று. இரண்டு ஆசையும் ஒரே வயிற்றில் உட்கார்ந்திருக்கின்றன, அதனால்தான் பசி தெரியவில்லை. காற்றுக்கு என் ஆசை தெரியாது, அது பாட்டுக்குப் போகும், முட்டும், திரும்பும். யோசித்து யோசித்து இன்று காலையில் அவர் அறைக்குப் போனேன். மூன்றாவது முறையை முதலில் குழாயில் சோதித்துவிட்டேன் சார் என்று படத்தைக் கொடுத்தேன். நீண்ட குழாய், நடுவில் ஒரு மெல்லிய தடுப்பு, ஒரு பக்கம் அழுத்தம் அதிகம், மறுபக்கம் குறைவு, தடுப்பைச் சட்டென்று எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் காகிதத்திலேயே துல்லியமான விடை உண்டு, எந்த முறையானாலும் முதலில் அதில் ஓட்டித்தான் பார்ப்பார்கள், அதில் அம்மாவும் இல்லை, அண்ணாச்சியும் இல்லை. குழாயில் மூன்றாவது முறைதான் விடைக்கு மிக அருகே வந்தது. அதனால் இன்றைக்கு அது என்ன சொல்கிறதோ அதை ஏற்றுக்கொள்கிறேன் சார், சுவர் தாங்கும் என்று வந்தால் தாங்கும் என்றே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், அதற்குப் பிறகு நான்காவது முறை என்று வந்து நிற்க மாட்டேன் என்றேன். ரன் போடுவதற்கு முன்னால் சொன்னேன், அதுதான் முக்கியம். அவர் தலையாட்டினார். படிக்கட்டில் இறங்கி வரும்போதுதான் அது புரிந்தது. தாங்கும் என்று வந்துவிட்டால் நானே கையெழுத்துப் போட்டு அம்மாவை அங்கே உட்கார வைக்க வேண்டும். முறை தப்பாக இருந்தால். கட்டத்தின் அளவு பெரிதாக இருந்தால். மருந்தின் அளவை அவர்கள் சொன்னதற்கு மேல் ஒருநாள் யாராவது கொண்டுவந்து வைத்தால். நிறுத்து. அது வேறு கேள்வி, இன்றைய கேள்வி சுவர் மட்டும்தான்.

அலை மேட்டில் ஏறிவிட்டது. வரிகள் மெதுவாகின்றன, அலை செங்குத்தாக எங்கேயாவது முட்டும்போது கணக்கு தன் அடியைச் சுருக்கிக்கொள்ளும், இருட்டில் கால் வைப்பதுபோல, அது நல்லதுதான், ஆனால் இரண்டாவது முறையும் சாகும் முன் இப்படித்தான் மெதுவானது. கடைசி எண் இறங்குகிறது. மேட்டின் பின்பக்க நிழலில் காற்று மெலிகிறது, அங்கேதான் பள்ளம், இன்னும் இறங்குகிறது. வெளியே மயில் கத்துகிறது, இந்த வளாகத்தில் மாணவர்களைவிட மயில்கள் அதிகம், பர்வீன் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டாள், என் முகத்தைப் பார்த்து எதுவும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். விளக்கு ஒரு தடவை மங்கியது. கரெண்ட் போனால் யூபிஎஸ் தாங்கும், எவ்வளவு நேரம் தாங்கும் என்று போன மாதம் எழுதிக் கேட்டோம், பதில் இல்லை. விளக்கு திரும்பி வந்துவிட்டது. இறங்குகிறது, இன்னும் கொஞ்சம், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய், போய், நின்றது. நின்றுவிட்டது. மெதுவாக ஏறுகிறது. பர்வீன் என் டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தாள், சட்டம் எழுதினவளுக்குச் சட்டம் கிடையாது என்றாள், இரண்டு வாய் சாப்பிட்டேன், எலுமிச்சை நன்றாகப் புளித்தது, புளிப்பு என்று ஒன்று உலகத்தில் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அலை மேட்டின் தலையைத் தாண்டி வளைந்து இறங்கியது, மேடு பறந்து வரும் கல்லையும் தகரத்தையும் தடுக்கும், காற்றை முழுக்கத் தடுக்காது, ஷெட்டின் மேல் போனது, முன்சுவர் தாங்கியது, எல்லைக்குக் கீழேதான், நிறையக் கீழே, எனக்கு மூச்சு வந்தது, அப்படியே பின்னால் கல்சுவருக்குப் போனது. இனி பார்க்க வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். ஜன்னலுக்குப் போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். முட்டியது. கல்சுவரின் ஓரத்தில் அழுத்தம் குதித்தது, முதல் முறையில் வெறும் வீக்கமாக இருந்தது இதில் நிமிர்ந்த கோடாக நின்றது, அலைவு இல்லை, நடுக்கம் இல்லை, சுத்தமான கோடு, அது திரும்பி ஷெட்டின் பின்சுவரை நோக்கி நடந்து வந்து தொட்டது. எண் ஏறி நின்றது. முதல் முறை சொன்னதைவிட மேலே. இரண்டாவது முறை சொன்ன பயங்கரத்தைவிட நன்றாகக் கீழே. சுவர் தாங்கும் எல்லைக்கு மேலே. கொஞ்சம்தான் மேலே, ஆனால் மேலே.

நான் சந்தோஷப்படவில்லை, அதை நானே கவனித்தேன். இவ்வளவு கொஞ்சமா என்றுதான் முதலில் தோன்றியது, இவ்வளவு கொஞ்சத்தை யார் நம்புவார்கள். சாரை அழைத்து வர பர்வீன் போனாள். அவர் நின்றபடியே பார்த்தார், பிறகு உட்கார்ந்தார், முதல் முறையையே கட்டத்தைச் சிறிதாக்கிப் போட்டாயா என்று கேட்டார். போட்டிருந்தேன், நேற்றும் முந்தாநாளும் வேறென்ன செய்தேன், கட்டத்தைச் சிறிதாக்கச் சிறிதாக்க முதல் முறையின் எண் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஏறியது, எங்கே போய் நிற்கும் என்றுதான் தெரியாமல் இருந்தது. எல்லாப் புள்ளிகளையும் இன்றைய எண்ணோடு ஒரே படத்தில் போட்டுக் காட்டினேன். பழைய முறை, நிதானமான முறை, சிறுகச் சிறுக ஏறி இதே எண்ணை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறது. அது பொய் சொல்லவில்லை, உண்மைக்கு வந்து சேர அதற்கு இன்னும் நிறைய நேரம் வேண்டும், அவ்வளவுதான். சார் விரலால் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார், கடைசிப் புள்ளியில் விரல் நின்றது. இந்த ஒரு படம் போதும் என்றார். அப்புறம், நான் அன்றைக்கு அனுப்பியிருந்தால் என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் கண்ணாடியைத் துடைத்தார். நீங்கள் அப்படிக் கேட்டதால்தான் சார் நான் குழாயில் போய்ச் சோதித்தேன் என்றேன், மரியாதைக்குச் சொல்லவில்லை, அது நிஜம்.

அண்ணாச்சிக்கு நீயே பேசு என்று போனைக் கையில் கொடுத்துவிட்டார். என்னென்னவோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், அலை, எதிரொலிப்பு, உச்ச அழுத்தம், அவர் குரல் கேட்டதும் எல்லாம் போய்விட்டது, மேட்டைத் தாண்டி வருவதை முன்சுவர் தாங்கும் அண்ணாச்சி, பின்னால் கல்சுவரில் முட்டித் திரும்பி வருவதைப் பின்சுவர் தாங்காது, ஷெட் அந்த இடத்தில் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. வானம் தோண்டிய கூலி, இறங்கிய கல், தீபாவளிக்கு முன் முடிக்க வேண்டிய வேலை, எல்லாம் அவர் தலைக்குள் ஓடியிருக்கும், பெருமூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது. கல்சுவரை இடித்துவிட்டால் போதாதா என்றார். அது பக்கத்து நிலத்துக்காரரோடு பொதுச் சுவர், இடிக்கக் கேட்டால் வருஷக்கணக்காகும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். கிழக்கே சுவர் முடிந்த பிறகு காலி இடம் இருக்கிறதே என்றேன். அங்கே கார் ஷெட் போடலாம் என்று வைத்திருந்தாராம்.

“சரிம்மா. கார் வெயில்ல கெடக்கட்டும்,” என்றார். “எவ்வளவு தள்ளணும்னு நாளைக்குச் சொல்லு. கொத்தனாரை அதுவரைக்கும் வேற வேலைக்கு அனுப்பிடுறேன்.”

போனை வைத்த பிறகும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பர்வீன் வாங்கி மேஜையில் வைத்தாள். சார் போகும்போது வாசலில் நின்று, கிழக்குப் பக்கத்துக்கு ஒரு ரன் போடு, கட்டத்தை மேட்டுக்குப் பக்கத்தில் இன்னும் சிறிதாக்கிக்கொள் என்றார், எப்போதும்போல. போட்டேன். ஷெட்டை எடுத்துக் கிழக்கே வைக்க நான்கே நான்கு எண்களை மாற்றினால் போதும், அவ்வளவு லேசாக ஒரு கட்டடம் நகர்ந்துவிடுகிறது. இந்த முறை எண் எதுவாக வந்தாலும் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தது, அதிகமாக வந்தால் இன்னும் தள்ளலாம், இடம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், நேரம்கூட ஒரு நாள் இருக்கிறது. ஓட ஆரம்பித்ததும் எழுந்து வெளியே வந்து மரத்தடியில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன், ஆபீஸ் வேனில் வந்துகொண்டிருப்பாள், இடது காதில் வைத்துக்கொண்டு கத்துவாள். கத்தினாள். ஷெட்டைக் கிழக்கே மாற்றிக் கட்டுகிறார்கள் என்றேன். ஏன் எதற்கு என்று அவள் கேட்கவில்லை, அந்த ஆபீஸில் எங்கே எதைக் கட்டினாலும் அவளிடம் யாரும் காரணம் சொன்னதில்லை, கேட்டுப் பழக்கமில்லை. நானாகச் சொன்னேன். மேட்டையும் சுவரையும் சொன்னேன், அலை திரும்பி வருவதைச் சொன்னேன், அதை நான்தான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன் என்றும் சொன்னேன். வேன் சத்தத்தில் எவ்வளவு கேட்டதோ தெரியவில்லை. பிறகு பக்கத்தில் இருக்கும் யாரிடமோ, எம் மக சொல்லித்தான் எடத்தை மாத்துறாகளாம் என்று சொல்வது கேட்டது. அதற்கு அவர்கள் என்னவோ சொன்னார்கள், இரண்டு மூன்று குரல் ஒன்றாக.

“கிழக்கனா வேன் நிக்கிற எடத்துலருந்து ரொம்பத் தூரம்ல புள்ள,” என்றாள் அம்மா. “இவளுகளுக்கெல்லாம் மூட்டு வலி. அண்ணாச்சிகிட்ட பேசுறவ, வேனை உள்ளவரைக்கும் கொண்டாந்து விடச் சொல்லக் கூடாதா?”

சொல்கிறேன் என்றேன். மறக்காம சொல்லு என்றாள். பின்னாலிருந்து யாரோ, ஃபேனும் கேளு என்றார்கள், அதையும் அம்மா எனக்குக் கத்திச் சொன்னாள். சரி, ஃபேனும் கேட்கிறேன் என்றேன். அவர்கள் சிரித்தார்கள், வேன் முழுக்கச் சிரித்தது, அம்மாவும் சிரித்தாள். நாளைக்குப் பேசும்போது தூரத்தைச் சொல்லிவிட்டு, அப்படியே வேனையும் ஃபேனையும் கேட்டுவிட வேண்டும்.